வாசலில் மறுப்பதா, உள்ளே விட்டுப் பிரிப்பதா? சொந்த மெயில் சர்வரில் ஸ்பாமுக்கு எந்த வழி

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்கள் ஸ்பாமுக்கு மருந்து தேடும்போது கேட்கும் முதல் கேள்வி, எது அதிகம் பிடிக்கும் என்பதுதான். அதோடு நிறுத்திவிடுவதால் பிற்பாடு வம்பு வருகிறது. ஒரு நல்ல மெயிலை அது தவறிப் பிடித்துவிட்டால் அந்த மெயில் எங்கே போகும், யாருக்குத் தெரியவரும் என்றும் கேட்டுப் பாருங்கள். வழிகளின் வரிசையே மாறிவிடும்.

எதிர்ப்பக்கத்து சர்வர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே 550 என்று மறுத்தால், அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே திருப்பிச் சொல்லிவிடும். அவர் போன் போட்டுக் கேட்பார். தவறு அன்றைக்கே வெளியே வரும். மெயிலை வாங்கி ஜங்க் ஃபோல்டரில் போட்டால் அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருப்பார், பெற வேண்டியவர் வரவே இல்லை என்று இருப்பார். 450 என்று தற்காலிகமாகத் தள்ளினால் மெயில் எப்படியும் வந்துவிடும். ஆனால் 10 நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி அரை மணி கழித்து வந்து என்ன செய்ய? வாங்கி வைத்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று பவுன்ஸ் (மெயில் ஏற்கப்படவில்லை என்ற திருப்பறிவிப்பு) அனுப்புவது எல்லாவற்றிலும் கெட்டது. ஸ்பாமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். அந்த பவுன்ஸ் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும், கடைசியில் உங்கள் ஐபி முகவரிதான் பிளாக்லிஸ்டில், அதாவது ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் பட்டியலில், ஏறும்.

இந்த அளவுகோலை வைத்தே கீழே உள்ளவற்றை எடைபோடுகிறோம். கணக்குக்கு எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண அமைப்பு: 2 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), டெபியன், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பயனருக்குப் பெட்டியைத் திறந்துகாட்டும் டவ்காட், ஒன்றிரண்டு டொமைன்கள், 10 முதல் 30 பெட்டிகள், வாரத்துக்கு ஒருமுறை லாக் பார்க்க நேரம் உள்ள ஒரு ஆள்.

எதையும் நிறுவுவதற்கு முன்

கேட்ச்-ஆல் முகவரி (டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்வது) இருந்தால் அதை முதலில் எடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே இல்லாத முகவரிகளுக்கு வரும் மெயிலை மறுக்கும். மாற்றுப்பெயர்ப் பட்டியலில் முழு டொமைனையும் ஒரே பெட்டிக்குத் திருப்பும் ஒற்றை வரி அந்தக் காவலைக் கழற்றிவிடுகிறது. அகராதியை வைத்துக்கொண்டு பெயர் பெயராக அனுப்பிப் பார்க்கிறவர்களுக்கு அது விருந்து. ஒவ்வொரு இணையதளத்துக்கும் தனி முகவரி கொடுக்கும் பழக்கத்துக்காக அதை வைத்திருக்கிறவர்கள், கொடுத்த முகவரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்த்துவிடலாம். அப்படிச் செய்தால் ஒரு முகவரி கசிந்தாலும் அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். கூட்டல் குறி போட்ட முகவரிகள் அந்த அளவுக்கு உதவாது. குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு அனுப்ப ஸ்பாமருக்கு ஒரு நொடி ஆகாது.

இரண்டாவது எம்எக்ஸ் சர்வர் (டொமைனுக்கு வரும் மெயிலை வாங்க டிஎன்எஸில் அறிவிக்கப்பட்ட சர்வர்) வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் வேண்டுமென்றே முன்னுரிமை குறைந்த எம்எக்ஸைத் தேடிப் போவார்கள், அங்கே காவல் தளர்வாக இருக்கும் என்று தெரியும். முதல் சர்வரில் உள்ள அத்தனை சோதனைகளும் முகவரிப் பட்டியலும் அங்கேயும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எடுத்துவிடுவது நல்லது. உங்கள் சர்வர் ஒருநாள் படுத்தாலும் ஒழுங்கான அனுப்புநர் சர்வர்கள் 4, 5 நாட்கள் வரை முயன்றுகொண்டே இருக்கும்.

பிறகு ஹெலோ. இணைப்புக்கு வரும் சர்வர் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். உங்கள் டொமைன் பெயரையோ உங்கள் ஐபியையோ தன் பெயராகச் சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து வருகிறவரைத் தயங்காமல் மறுக்கலாம். ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) அறவே இல்லாத ஐபியையும் மறுக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கு இரண்டு விதிகள் உண்டு. ரிவர்ஸ் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது ஒன்று. அந்தப் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வந்து சேர்கிறதா என்றும் பார்ப்பது மற்றொன்று. முதலாவதோடு நிறுத்துங்கள். இரண்டாவதில் சின்ன அலுவலகங்களின் நல்ல சர்வர்கள் நிறையச் சிக்கும்.

வாசல் காவல்: போஸ்ட்ஸ்கிரீனும் பிளாக்லிஸ்டும்

போஸ்ட்ஸ்கிரீன் 2011-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.8-இலிருந்து கூடவே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டாம். சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி மரபில் முதலில் பேச வேண்டியது மெயிலை வாங்கும் சர்வர். போஸ்ட்ஸ்கிரீன் 220 என்று தொடங்கி, அடுத்த வரி இன்னும் இருக்கிறது என்று காட்டும் '-' குறியையும் போட்டுவிட்டு 6 நொடி சும்மா இருக்கும். ஒழுங்கான சர்வர் பொறுத்திருக்கும். லட்சக்கணக்கில் அனுப்பித் தள்ளவேண்டிய அவசரத்தில் இருக்கும் போட் (ஸ்பாம் அனுப்பும் தானியங்கி நிரல்) பொறுக்காமல் பேசத் தொடங்கும், மாட்டிக்கொள்ளும். அதே 6 நொடிக்குள் பிளாக்லிஸ்ட் கேள்விகளும் இணையாக ஓடி முடிந்துவிடும். இத்தனையையும் ஒரே ஒரு செயல்முறை பார்த்துக்கொள்வதால் ரேம் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. தேறிய ஐபி நினைவில் வைக்கப்படுவதால் அடுத்த முறை அதற்குக் காத்திருப்பு இல்லை.

இயக்குவது எளிது. மாஸ்டர் கோப்பில் 25-ஆம் போர்ட்டுக்கான பழைய வரியை முன்னால் # போட்டு மறைத்து, அதற்குக் கீழே ஏற்கெனவே மறைத்து வைக்கப்பட்டிருக்கும் நான்கு வரிகளைத் திறக்க வேண்டும்: போஸ்ட்ஸ்கிரீன், பின்னால் நிற்கும் எஸ்எம்டிபிடி, டிஎன்எஸ்பிலாக், டிஎல்எஸ்பிராக்ஸி. டிஎன்எஸ்பிலாக்கைத் திறக்க மறந்தால் பிளாக்லிஸ்ட் கேள்விகள் போகவே போகாது. எல்லாம் ஓடுவது போலத்தான் தெரியும். திறந்த பிறகும் அவசர வாயனைத் தள்ளுவது, பட்டியலில் உள்ளவரைத் தள்ளுவது ஆகிய இரண்டு நடவடிக்கைகளும் கண்டுகொள்ளாதே என்றுதான் இயல்பாக இருக்கும். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். லாகில் யார் யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, உங்கள் வாடிக்கையாளர் யாரும் அதில் இல்லை என்றால் அமல்படுத்து நிலைக்கு மாற்றுங்கள். உடனே துண்டித்துவிடும் நிலையும் உண்டு. ஆனால் அமல்படுத்தும் நிலையில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் லாகில் பதிவாகும் என்பதால் தவறைத் தேடிப் பிடிக்க அதுவே நல்லது.

இதே போஸ்ட்ஸ்கிரீனுக்குள் ஆழச் சோதனைகள் என்று மூன்று உண்டு. அவற்றை அணைத்தே வையுங்கள். 220 வாழ்த்தை முடித்த பிறகு நடக்கும் சோதனைகள் அவை. தேறியவரையும் அந்த இணைப்பிலேயே உள்ளே கைமாற்றிவிட முடியாது என்பதால் 4 என்று தொடங்கும் தற்காலிக மறுப்பைக் கொடுத்துத் திரும்பி வரச் சொல்லும். கிரேலிஸ்டிங் (முதல்முறை வருபவரைத் தற்காலிகமாகத் தள்ளும் முறை, கீழே வரும்) வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு அது கொல்லைப்புறமாக வந்து சேரும்.

பிளாக்லிஸ்ட்களை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். ஸ்பாம்ஹாஸின் சென் பட்டியல் ஒன்றே பாதி வேலைக்கு மேல் செய்யும். நேரடி ஸ்பாமர்கள், தொற்றுக்குள்ளான கணினிகள், மெயில் சர்வர் இருக்கக்கூடாத வீட்டு இணைப்பு ஐபிகள் என்று பல பட்டியல்களின் கூட்டு அது. அதற்கு 3 மதிப்பெண், பாரகுடாவுக்கு 2, ஸ்பாம்காப்புக்கு 1, தள்ளும் வரம்பு 3 என்று வைத்தால், சென் தனியாகத் தள்ளும். மற்றவை இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் தள்ளும். பாரகுடா பட்டியலுக்கு உங்கள் சர்வரின் ஐபியை முன்பதிவு செய்ய வேண்டும். நல்ல சர்வர்களின் பட்டியலான டிஎன்எஸ்டபிள்யூஎல்லுக்கு மைனஸ் 2 கொடுத்துவிட்டால் ஒரு சமநிலை வரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்பாம்ஹாஸ், பொது ரிசால்வர்கள் (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர்கள்) வழியாக வரும் கேள்விகளுக்கு உண்மையான பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். ஏதாவது பதில் வந்தாலே ஸ்பாம் என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் உலகத்து மெயில் எல்லாம் மறுக்கப்படும். சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இருந்தாலே இந்த நிலைதான். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் கண்டெய்னருக்குள் எந்த ரிசால்வர் என்று தனியே பார்க்க வேண்டும். செய்யவேண்டியவை இரண்டு. ஒன்று, அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவி, கேள்வியை வேறு யாருக்கும் அனுப்பாமல் தானே வேர் சர்வரிலிருந்து தேடும்படி வைத்து, சர்வரின் டிஎன்எஸை 127.0.0.1 ஆக்குவது. மற்றொன்று, சென் பட்டியல் பெயருக்குப் பின்னால் =127.0.0.[2..11]*3 என்று எழுதி, ஏற்கத்தக்க பதில்களை வரையறுப்பது. சரிபார்க்க, 2.0.0.127 என்பதைப் பட்டியலின் பெயருக்கு முன்னால் சேர்த்து டிக் கட்டளையால் கேட்டுப் பாருங்கள், 127.0.0.2 முதலான விடைகள் வர வேண்டும். 1.0.0.127 என்று கேட்டால் எதுவும் வரக்கூடாது. சென்னின் இலவசப் பயன்பாடு வணிக நோக்கில்லாத, சிறிய அளவுக்கு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டியல்கள் சாவதும் உண்டு. 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓஆர்டிபி, தன்னை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தவர்களைத் தட்டி எழுப்ப 2008 மார்ச்சில் எல்லா ஐபிக்கும் ஆமாம் என்று பதில் தரத் தொடங்கியது. 2015 தொடக்கத்தில் ஏஹெச்பிஎல்லும் அதையே செய்தது. 2021 ஜனவரிக் கடைசியில் ஸ்பாம்காப்பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, கேட்டதற்கெல்லாம் ஏதோ ஒரு ஐபி பதிலாக வந்ததில் பல சர்வர்கள் நல்ல மெயிலைத் திருப்பி அனுப்பின. சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளிலிருந்து பட்டியல் பெயர்களை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது என்பதற்கும், ஒரே பட்டியல் தனியாகத் தீர்ப்பு சொல்லும்படி விடுவதாக இருந்தால் அது சென் போன்ற ஒன்றாக மட்டும் இருக்கட்டும் என்பதற்கும் இவையே காரணம்.

மற்றொரு விபத்து உங்கள் சொந்தப் பயனர்களுக்கு நேரும். வீட்டு பிராட்பேண்ட், மொபைல் இணைப்பு ஐபிகள் சென் பட்டியலில் இருப்பது இயல்பு. பிளாக்லிஸ்ட் சோதனை, பயனர்கள் மெயில் அனுப்பும் 587, 465 போர்ட்களிலும் ஓடினால், அல்லது கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரை அனுமதிக்கும் விதிக்கு முன்னால் எழுதப்பட்டிருந்தால், ஊழியர் தன் போனிலிருந்து மெயில் அனுப்ப முடியாமல் தவிப்பார். அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் இது தெரியவே தெரியாது.

நம் அளவுகோலில் இந்த வழி நன்றாகத் தேறுகிறது: தவறினாலும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். இதன் எல்லையும் தெளிவானது. ஜிமெயிலில் இலவசக் கணக்கு திறந்து அனுப்பும் எஸ்இஓ வியாபாரி, ஹேக் செய்யப்பட்ட வேர்ட்பிரஸ் தளத்தின் படிவம், பெரிய மொத்த மெயில் நிறுவனங்களின் திருடப்பட்ட கணக்கு ஆகியவை எல்லாம் நல்ல ஐபியிலிருந்து, பொறுமையாக, மரபு மீறாமல் வருகின்றன. வாசலில் நிற்பவனுக்கு அவற்றை மறுக்கக் காரணமில்லை.

கிரேலிஸ்டிங்

2003-இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த யோசனை இது. தெரியாத ஐபி, அனுப்புநர், பெறுநர் என்ற மூன்றின் சேர்க்கை முதல்முறை வந்தால் சற்றுப் பிறகு வா என்று சொல்வது. போட்கள் திரும்பி வருவதில்லை, ஒழுங்கான சர்வர்கள் வரும். போஸ்ட்கிரே இதை 300 நொடி இடைவெளியோடு செய்கிறது. ஐந்து முறை தேறிய சர்வரைப் பிறகு தொல்லை செய்வதில்லை.

2003-இல் அருமையான வழி. இன்றைக்கு நாங்கள் இதை எல்லோருக்கும் போடச் சொல்ல மாட்டோம். நீங்கள் 5 நிமிடம் என்று வைத்தாலும், எப்போது திரும்பி வருவது என்பதை முடிவு செய்வது எதிர்ப்பக்கம்தான். எஸ்எம்டிபி மரபே மறுமுயற்சிக்கு குறைந்தது 30 நிமிடம் விடச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு ஐபியிலிருந்து வரும். ஐபியின் முதல் மூன்று எண்களை மட்டும் (/24 அளவில்) ஒப்பிட்டாலும் சில சமயம் அதையும் தாண்டும். வங்கி ஓடிபி, கடவுச்சொல் மீட்பு, டிக்கெட் உறுதி எல்லாம் இதில் அடிபடும். போஸ்ட்ஸ்கிரீன் ஏற்கெனவே போட்களைத் துரத்திவிட்ட பிறகு இதற்கு மிஞ்சும் வேலையும் கொஞ்சம்தான்.

ஒரு நியாயமான வடிவம் உண்டு. மெயிலைப் படித்து ஸ்பாம் மதிப்பெண் போடும் நிரலான ஆர்ஸ்பாம்டி, அந்த மதிப்பெண் 4-ஐத் தொட்டால் மட்டும் கிரேலிஸ்ட் செய்யும். சந்தேகமானவர் மட்டும் 5 நிமிடம் வெளியே நிற்பார். அதற்குள் அந்த ஐபியோ டொமைனோ ஏதாவது பட்டியலில் ஏறிவிடவும் வாய்ப்பு உண்டு. போஸ்ட்கிரேவைத் தனியாக நிறுவுவதைவிட இது மேல்.

உள்ளடக்கத்தைப் படிப்பவை: ஸ்பாம்அசாசினா, ஆர்ஸ்பாம்டியா

இணையத்தில் அதிகச் சண்டை நடப்பது இந்த இரண்டுக்கும் இடையில்தான். வேகத்தைப் பற்றிய சண்டையே அதிகம். 30 பெட்டிகள் உள்ள சர்வரில் வேகம் யாருக்கும் பிரச்சினை இல்லை. பார்க்கவேண்டியது எந்த நேரத்தில் தீர்ப்பு சொல்கிறது என்பதை.

ஆர்ஸ்பாம்டி மில்டர் (போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வெளி ஃபில்டரிடம் காட்டும் வழி) வழியாக, 11332 போர்ட்டில், மெயில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும்போதே படித்து முடிவு சொல்கிறது. 15 மதிப்பெண்ணைத் தாண்டினால் இணைப்பிலேயே மறுப்பு. 6-ஐத் தாண்டினால் தலைப்பில் குறி. அதைப் பார்த்து டவ்காட்டின் சீவ் விதி (மெயிலை ஃபோல்டர்களுக்குப் பிரிக்கும் விதி) ஜங்க் ஃபோல்டருக்கு அனுப்பும். 4-இல் கிரேலிஸ்ட். ஸ்பாம்அசாசின் பெரும்பாலான பழைய அமைப்புகளில் மெயிலை வரிசையில் வாங்கி வைத்த பிறகு படிக்கிறது. அப்போது மறுக்க வழியில்லை. ஜங்க் அல்லது பவுன்ஸ், இரண்டில் ஒன்று. ஸ்பாம்அஸ்-மில்டர் போன்றவற்றைச் சேர்த்து அதையும் இணைப்பு நேரத்திலேயே இயக்கலாம். அதற்குக் கூடுதல் ஒட்டுவேலை வேண்டும்.

ரேம் கணக்கில், ஸ்பாம்அசாசின் பெர்லில் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு துணைச் செயல்முறையும் 100 எம்பியை ஒட்டிக் கேட்கும். இயல்பாக 5 வரை போகும். சி, லுவா மொழிகளில் எழுதப்பட்ட ஆர்ஸ்பாம்டி, அது தரவு சேமிக்கும் ரெடிஸையும் சேர்த்துச் சில நூறு எம்பியில் முடித்துக்கொள்ளும். 2 ஜிபியில் இரண்டுமே ஓடும். ஓடாதது கிளாம்ஏவி. வைரஸ் கையொப்பங்களை ஏற்றவே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டு மற்றவற்றின் கழுத்தை நெரிக்கும். இந்த அளவு சர்வரில் அதை விட்டுவிட்டு, இயங்கும் கோப்பு வகை இணைப்புகளை நேரடியாக மறுப்பது போதும்.

ஆர்ஸ்பாம்டியை நிறுவும்போது கவனிக்கவேண்டியவை சில. டெபியன் களஞ்சியத்தில் இருப்பது பழையதாக இருக்கும். அந்தத் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூல அமைப்புக் கோப்புகளைத் தொடாமல், லோக்கல்.டி அடைவில் சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மேம்படுத்தலில் தகராறு வரும். ரெடிஸின் முகவரியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பேயஸ் படிப்பும் (பழைய மெயில்களிலிருந்து ஸ்பாமை அடையாளம் காணக் கற்பது) கிரேலிஸ்டும் சத்தமில்லாமல் செயலற்றிருக்கும், மற்றதெல்லாம் ஓடும். ரெடிஸுக்கு 500 எம்பி உச்சவரம்பு வைத்து, காலக்கெடு உள்ள சாவிகளை மட்டும் கழித்துக்கொள்ளும் கொள்கையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் கழிக்கும் கொள்கையை வைத்தால் மாதக்கணக்கில் படித்ததை அதுவே அழித்துவிடும். 11334-இல் இருக்கும் வலைப்பக்கத்தை வெளி உலகுக்குத் திறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாகப் பாருங்கள்.

மில்டர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் நீங்கள்தான் போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்ல வேண்டும். இயல்பில் அது மெயிலைத் தற்காலிகமாகத் தள்ளும். ஏற்றுக்கொள் என்று மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் அதிகம். மாற்றினால் ஃபில்டர் செத்திருக்கும் நேரத்து ஸ்பாம் முழுவதும் உள்ளே வரும், ஆனால் நல்ல மெயில் தாமதமாகாது. வாரம் ஒருமுறைதான் லாக் பார்ப்பவர் ஏற்றுக்கொள் என்றே வைக்கலாம். ஸ்பாம் பெருகினால் பயனர்கள் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். மெயில் வராமல் நின்றால் அதை உணரவே அவர்களுக்கு இரண்டு நாள் ஆகும்.

ஸ்பாம்அசாசின் பக்கம் நிற்கவும் காரணங்கள் உண்டு. 2001-இலிருந்து சேர்ந்த ஆவணங்கள், சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதிவிடக்கூடிய விதிகள், பயனருக்குப் பயனர் வேறு அமைப்பு, ரெடிஸ் தேவையில்லாத எளிமை. ஏற்கெனவே அமாவிஸ் என்ற இணைப்பு நிரலோடு ஓடிக்கொண்டிருந்து யாரும் குறை சொல்லாத சர்வரை வெறும் நவீனத்துக்காகப் பிரித்துப் போட வேண்டாம். அதன் தவறும் ஒன்று வரலாற்றில் நிற்கிறது. எதிர்காலத் தேதியிட்ட மெயிலைப் பிடிக்க எழுதிய ஒரு விதி, 2010 ஜனவரி 1 முதல் அந்த ஆண்டின் மெயில் எல்லாவற்றையும் எதிர்காலம் என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் ஏற்றியது. விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட் தினமும் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டியது அதனால்தான். அதை அழைக்கும் ஸ்பாம்சி நிரல் 500 கேபிக்கு மேற்பட்ட மெயிலை இயல்பாகச் சோதிக்காமலே விட்டுவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பெரிய படம் ஒன்றை ஒட்டி அனுப்பும் ஸ்பாம் அப்படித்தான் தப்புகிறது.

தமிழில் மெயில் வாங்குகிறவர்கள் மேலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். வேறு யாரோ எழுதிய ஸ்பாம்அசாசின் அமைப்பை எடுத்து ஒட்டினால், அதில் ஏற்கும் மொழி ஆங்கிலம் மட்டும் என்று இருக்கலாம். மொழியைக் கண்டறியும் துணை நிரலும் ஓடினால் தமிழ்க் கடிதம் ஒவ்வொன்றுக்கும் தேவையற்ற மொழி என்று மதிப்பெண் ஏறும். அந்த வரியில் தமிழைச் சேருங்கள், அல்லது வரியையே நீக்குங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பேயஸ் படிப்பு இல்லாமல் பாதிப் பயன்தான். இரண்டிலும் தலா 200 ஸ்பாம், 200 நல்ல மெயில் கற்றபின்தான் அது வாய் திறக்கும். ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் அதிகம். நல்ல மெயில் பக்கம் காலி. பயனர்கள் தாங்களாகக் கற்பிக்க டவ்காட்டின் ஐமேப்சீவ் போதும். ஜங்குக்குள் நகர்த்தினால் ஸ்பாம் என்று கற்கும், ஜங்கிலிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்று கற்கும். ஜங்கிலிருந்து குப்பைக்குப் போவதை மட்டும் விலக்கி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஜங்கைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் அத்தனை ஸ்பாமும் நல்ல மெயில் என்று பாடம் ஏறும். ஸ்பாம்அசாசினில் இன்னொரு பழைய குழி உண்டு: ரூட் பயனராக இருந்து கற்பித்தால் பாடம் ரூட்டின் அடைவில் சேரும், மெயிலைச் சோதிக்கும் செயல்முறையோ வேறு பயனராக ஓடி வேறு காலிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆர்ஸ்பாம்டியில் 15 என்ற மறுப்பு எல்லையை முதல் நாளே 8-க்கு இறக்கும் ஆசையை அடக்குங்கள். அதே சமயம் 6-க்கும் 15-க்கும் இடையில் விழுபவைதான் யாருக்கும் தெரியாமல் காணாமல் போகக்கூடியவை. ஒரு மாதம் வலைப்பக்கத்தின் வரலாற்றைப் பாருங்கள். 12-க்கு மேல் ஒரு நல்ல மெயிலும் இல்லை என்றால் மறுப்பை 12-க்குக் கொண்டுவாருங்கள். ஜங்கில் விழுவது குறையக் குறைய, பயனர்கள் அதைத் திறந்து பார்ப்பதும் சாத்தியமாகிறது. 400 மெயில் கிடக்கும் ஜங்க் ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றை ஸ்பாம் ஃபில்டராக எண்ணிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை அனுப்புநர் சொன்ன டொமைன் மெய்தானா என்று மட்டும் சொல்லும். ஸ்பாமர் தானே வாங்கிய டொமைனுக்கு மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பார், தேறிவிடுவார். வங்கி பெயரில் வரும் பொய்யைப் பிடிக்க அவை அவசியம். ஆனால் எஸ்பிஎஃப் தோல்வியை மட்டும் வைத்து மறுத்தால், ஃபார்வர்ட் ஆகி வரும் நல்ல மெயில்கள் அடிபடும். மெயிலிங் லிஸ்ட் வழியாக வருபவை டிமார்க்கில் அடிபடும். மதிப்பெண்ணாகச் சேர்க்க விடுங்கள். ஆர்ஸ்பாம்டி இயல்பிலேயே அப்படித்தான் செய்கிறது.

வெளியாரிடம் கொடுத்துவிடுவது

எம்எக்ஸை ஒரு வடிகட்டும் சேவைக்குத் திருப்பி, சுத்தமானதை மட்டும் உங்கள் சர்வருக்கு வாங்குவது. பெரிய சேவைகளுக்கு லட்சக்கணக்கான பெட்டிகளின் போக்கு தெரியும், காலையில் தொடங்கிய ஸ்பாம் அலையை உடனே அறியும். 20 பெட்டி உள்ள சர்வரின் பேயஸால் அதோடு போட்டி போட முடியாது. லாக் பார்க்க ஆளே இல்லை என்றால் இதுதான் சரியான விடை. ஆனால் உங்கள் மெயிலை எல்லாம் இன்னொருவர் படிக்கிறார்; சொந்த சர்வர் வைத்த காரணமே அதுவாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வேயைத் தனி விபிஎஸில் நீங்களே வைப்பது இடைப்பட்ட வழி. உள்ளே ஓடுவது ஸ்பாம்அசாசினும் கிளாம்ஏவியும்தான் என்பதால் அதற்கென்று தாராளமாக ரேம் ஒதுக்க வேண்டும்.

இந்த வழியில் தவறாமல் நடக்கும் பிழைகள் மூன்று. எம்எக்ஸை மாற்றிவிட்டு 25-ஆம் போர்ட்டை உலகத்துக்குத் திறந்தே விடுவது முதலாவது. பழைய ஐபி தெரிந்த ஸ்பாமர்கள் நேராக வருவார்கள். ஃபயர்வாலில் அந்தச் சேவையின் ஐபிகளுக்கு மட்டும் வழி விடுங்கள். உங்கள் பக்கத்துப் பழைய சோதனைகளை அப்படியே விடுவது இரண்டாவது. எல்லா மெயிலும் இப்போது கேட்வேயின் (அந்த வடிகட்டும் சேவையின்) ஐபியிலிருந்து வருவதால் எஸ்பிஎஃப் எல்லாவற்றுக்கும் தோற்கும், பிளாக்லிஸ்ட் எதையும் பிடிக்காது. ஸ்பாம்அசாசினில் நம்பகமான வலையமைப்பு என்றும் ஆர்ஸ்பாம்டியில் வெளி ரிலே என்றும் அந்த ஐபிகளைச் சொல்லிவைக்க வேண்டும். மூன்றாவது, செல்லுபடியாகும் முகவரிகளை கேட்வேக்குக் கொடுக்காதது. அது இல்லாத முகவரிக்கும் வாங்கிவிடும், உங்கள் சர்வர் மறுக்கும், இடையில் மாட்டிய கேட்வே பொய் அனுப்புநருக்கு பவுன்ஸ் அனுப்பும்.

எதை எடுப்பது

மேலே சொன்ன 2 ஜிபி சர்வருக்கு எங்கள் தேர்வு: கேட்ச்-ஆல் இல்லாத போஸ்ட்ஃபிக்ஸ், ஆழச் சோதனைகள் இல்லாத போஸ்ட்ஸ்கிரீன், சொந்த அன்பவுண்ட் வழியாக சென், பின்னால் ஆர்ஸ்பாம்டி. கிளாம்ஏவி, போஸ்ட்கிரே இரண்டும் வேண்டாம். இந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். நான்கையும் ஒரே சனிக்கிழமை போட்டுவிட்டால் திங்கள் அன்று எது நல்ல மெயிலைத் தின்றது என்று கண்டுபிடிக்க முடியாது.

ரேம் 1 ஜிபி மட்டும் என்றால் வாசல் காவலோடு நிறுத்துங்கள். போட் கும்பல் அங்கேயே கழிந்துவிடும், மிச்சத்தைப் பயனரின் மெயில் செயலி பார்த்துக்கொள்ளட்டும். ஆயத்தத் தொகுப்பு வைத்திருப்பவர்கள் அதனுள் இருப்பதை மாற்றாமல் இருப்பது நல்லது. மெயில்கவ்வில் ஆர்ஸ்பாம்டி இருக்கிறது, மெயில்-இன்-ஏ-பாக்ஸில் ஸ்பாம்அசாசினும் போஸ்ட்கிரேவும் இருக்கின்றன. கையால் மாற்றினால் அடுத்த மேம்படுத்தல் அழித்துவிடும். ஓடிபி தாமதம் அங்கே புகாராக வந்தால் போஸ்ட்கிரேவின் விலக்குப் பட்டியலில் அந்த அனுப்புநரின் டொமைனைச் சேர்ப்பதோடு விடுங்கள்.

எந்தத் தேர்வாக இருந்தாலும், பயனர் யாராவது தன் பெட்டியை முழுவதுமாக ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் ஃபில்டர் தவறவிட்ட ஸ்பாம் அங்கே போகும்போது அனுப்பும் ஐபி உங்களுடையது. கெட்ட பெயரும் உங்களுக்கே, பிறகு உங்கள் நல்ல மெயிலும் அங்கே ஜங்கில் விழும். ஸ்பாம் குறி பெற்றவற்றை ஃபார்வர்ட் செய்யாதபடி சீவ் விதியில் நிபந்தனை வையுங்கள். முடிந்தால் ஃபார்வர்டையே எடுத்துவிட்டு, அவருடைய போனில் உங்கள் சர்வரை ஐமேப் கணக்காகச் சேர்த்துக் கொடுங்கள்.